கரப்பான் பண்டமும் கன்னத்துத் தோலும்: கைக்குழந்தை எக்ஸிமாவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

என் மகளுக்கு மூன்றாம் மாதம் முடியும்போது கன்னம் இரண்டும் சொரசொரவென்று ஆயின. ஒரு வாரத்தில் நெற்றிக்குப் போனது, அப்புறம் முழங்காலின் முன்பக்கம். "கரப்பான்தான்" என்றார் என் மாமியார், பார்த்த மாத்திரத்தில். சரியாகத்தான் சொன்னார். அடுத்த மூச்சிலேயே "நீ என்ன சாப்பிட்ட?" என்று கேட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கத்தரிக்காய் கிடையாது. கருவாடு கிடையாது. வேர்க்கடலைச் சட்னி கிடையாது. ஒரு மாதத்தில் முட்டையும் பாலும் போயின. நான் நாலு கிலோ இளைத்தேன். கன்னம் அப்படியே இருந்தது.

நம் ஊரில் "கரப்பான் பண்டம்" என்றே ஒரு பட்டியல் உண்டு. கத்தரிக்காய்க்கு அதில் முதல் மரியாதை. மற்றவை ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு மாறும். டாக்டர் எக்ஸிமா என்று எழுதுவதையும் பாட்டி கரப்பான் என்று சொல்வதையும் பெரும்பாலும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளலாம், பெயரில் குழப்பம் இல்லை. ஆனால் அந்தப் பட்டியல் நம்மைத் தவறான இடத்தில் தேட வைக்கிறது. குழந்தையின் தோலைப் பார்க்க வேண்டிய நேரத்தில் தாயின் தட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். நான் செய்த தவறுகளும், பிறகு மற்ற வீடுகளில் பார்த்த தவறுகளும் பெரும்பாலும் இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

மேல்தோலை ஓலைக் கூரை என்று வைத்துக்கொள்ளுங்கள். கீற்று நெருக்கமாக இருந்தால் உள்ளே இருக்கிற ஈரம் உள்ளேயே தங்கும், வெளியே இருப்பது வெளியே நிற்கும். எக்ஸிமா வரும் குழந்தைகளுக்குப் பிறவியிலேயே கீற்றுக்கு நடுவே கொஞ்சம் இடைவெளி. ஈரம் கசிந்து போகிறது, தோல் வறள்கிறது. தூசி, சோப்பு, வியர்வை, கிருமி எல்லாம் உள்ளே நுழைகின்றன, அரிக்கிறது. சொறியச் சொறிய இடைவெளி பெரிதாகிறது. ஃபிலாக்ரின் என்ற புரதத்தைச் செய்யும் மரபணுவில் குறை இருப்பது இதற்கு ஒரு முக்கியக் காரணம் என்று 2006-ல் ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தில் இர்வின் மெக்லீன் குழுவினர் கண்டுபிடித்தார்கள். எல்லாக் குழந்தைக்கும் இந்த மரபணுக் குறை இருக்கும் என்றில்லை. குடும்பத்தில் யாருக்காவது வீசிங், காலையில் எழுந்ததும் தும்மல், அலர்ஜி என்று இருந்தால் வாய்ப்பு கூடுதல். இது தொற்றாது. அழுக்கால் வருவதும் இல்லை. தாய் சாப்பிட்ட கத்தரிக்காயாலும் இல்லை.

வாய்க்குப் போக வேண்டியது தோலுக்குப் போகிறது

என்னை மிகவும் யோசிக்க வைத்தது இந்த விஷயம்தான். வேர்க்கடலை சாப்பிடாமல் நான் பத்தியம் இருந்த அதே நாட்களில், குழந்தையைத் தினமும் கடலை மாவும் பயத்தம் மாவும் கலந்து தேய்த்துக் குளிப்பாட்டினோம். கன்னத்துக்குப் பாலாடை வேறு. அதாவது, உணவை வாயில் தடுத்துவிட்டு, ஓட்டை விழுந்த தோல் வழியாக உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தோம்.

இது ஏன் தப்பு? ஒரு உணவை உடம்பு முதலில் எந்த வழியில் சந்திக்கிறது என்பது முக்கியம். குடல் வழியாக வந்தால் "இது நம்ம ஆள்" என்று பழகிக்கொள்கிறது. புண்ணான தோல் வழியாக வந்தால் எதிரியாகக் குறித்துவைத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். லண்டனைச் சேர்ந்த கிடியன் லேக் என்ற அலர்ஜி நிபுணர் முன்வைத்த கருத்து இது. வேர்க்கடலை எண்ணெய் கலந்த களிம்புகளைத் தோலில் பூசிய குழந்தைகளிடம் வேர்க்கடலை அலர்ஜி அதிகம் காணப்பட்டதை அவர் குழு 2003-ல் வெளியிட்டது. ஜப்பானில் நடந்தது இன்னும் தெளிவான உதாரணம். கோதுமைப் புரதம் சேர்த்த ஒரு முகச் சோப்பைப் பயன்படுத்தியவர்களில் 2,000 பேருக்கு மேல் கோதுமை அலர்ஜி வந்து, 2011-ல் அந்தச் சோப்பைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அதுவரை கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருந்த பெரியவர்கள் அவர்கள்.

2015-ல் வெளியான லீப் ஆய்வு எதிர்ப்பக்கத்தைக் காட்டியது. கடுமையான எக்ஸிமாவோ முட்டை அலர்ஜியோ இருந்த 640 குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள், வயது 4 முதல் 11 மாதத்துக்குள். பாதிப் பேருக்கு வேர்க்கடலையைச் சின்ன வயதிலிருந்தே கொடுத்தார்கள், மீதிப் பேருக்கு ஐந்து வயது வரை கண்ணில் காட்டவில்லை. சாப்பிட்டு வளர்ந்தவர்களிடம் வேர்க்கடலை அலர்ஜி ஏறக்குறைய 80 சதவீதம் குறைவு. ஒளித்துவைத்ததுதான் அலர்ஜியை வளர்த்திருக்கிறது.

அதற்காக நாளைக்கே கடலையை வாயில் போட்டுவிடாதீர்கள். கடுமையான எக்ஸிமா உள்ள குழந்தைக்கு முட்டை, வேர்க்கடலை தொடங்குமுன் டாக்டரிடம் கேளுங்கள். முழுக் கடலை புரையேறும், எப்போதும் மைய அரைத்துத்தான் தர வேண்டும். நான் சொல்ல வருவது, பயந்து தள்ளிப்போடாதீர்கள் என்பதுதான்.

உணவு அலர்ஜியே கிடையாது என்றும் சொல்லவில்லை. இருந்தால் அது தன்னைக் காட்டிக்கொள்ளும். சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தடிப்பு தடிப்பாக வரும், உதடு வீங்கும், வாந்தி எடுக்கும். கன்னத்தில் வாரக்கணக்கில் கிடக்கும் சொரசொரப்பு அதற்கு அடையாளம் இல்லை. சிகிச்சை எல்லாம் ஒழுங்காகச் செய்தும் அடங்காத சில குழந்தைகளுக்கு டாக்டரே ஒரு உணவைச் சில வாரம் நிறுத்தி, மறுபடி கொடுத்துப் பார்ப்பார். மறுபடி கொடுத்துப் பார்ப்பதை விட்டுவிட்டால் அது பரிசோதனையே இல்லை, வெறும் பட்டினி. லேபில் கொடுக்கும் நீளமான அலர்ஜி ரத்தப் பரிசோதனைப் பட்டியலை வைத்து முடிவெடுப்பதும் அப்படித்தான். அதில் பாசிட்டிவ் என்று வரும் பல உணவுகளைக் குழந்தை எந்தத் தொந்தரவும் இல்லாமல் சாப்பிடும். தாய்ப்பாலை நிறுத்தச் சொல்லி யாராவது யோசனை சொன்னால், தலையை ஆட்டிவிட்டுக் கொடுத்துக்கொண்டே இருங்கள்.

எண்ணெய் முதலில், மாவு பிறகு: வரிசையே தலைகீழ்

கால் நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் காலில் போட்டு, எண்ணெய் தேய்த்து, சூடான தண்ணீர் ஊற்றி, மாவு போட்டு எண்ணெய்ப் பிசுக்கு போகத் தேய்த்து, துடைத்து, சாம்பிராணி காட்டி, பவுடர் அப்பித் தூங்க வைப்பது. பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். நல்ல தோல் உள்ள குழந்தை இதைத் தாங்கிக்கொள்ளும், தூங்கவும் செய்யும். எக்ஸிமாத் தோலுக்கு இதில் ஏறக்குறைய ஒவ்வொரு படியும் இடிக்கிறது.

தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் போதும், ஐந்திலிருந்து பத்து நிமிடம். மாவு எவ்வளவு நைசாக அரைத்தாலும் உரசும். கட்டிச் சோப்பு காரத்தன்மை உள்ளது, தோலோ லேசான அமிலத்தன்மை உள்ளது. அதனால் வாசனையில்லாத, சோப்பில்லாத கிளென்ஸரைத் தேவையான இடத்தில் மட்டும் கொஞ்சம் போடலாம். குளிக்கிற தண்ணீரில் கிருமிநாசினி ஊற்றுவது வேண்டாம். சாம்பிராணிப் புகை தோலுக்கும் ஆகாது, வீசிங் வரக்கூடிய குடும்பத்துக் குழந்தையின் நெஞ்சுக்கும் ஆகாது. பவுடர் இருக்கிற ஈரத்தையும் உறிஞ்சும், மூச்சில் போனால் ஆபத்து.

இதற்கெல்லாம் பயந்து குளிப்பாட்டுவதையே வாரம் ஒருமுறை ஆக்கிவிடுகிறவர்களும் உண்டு. நம் வியர்வைக்கும் புழுதிக்கும் அது சரிப்படாது. தினமும் குளிக்கலாம். குளித்து முடித்ததும் துண்டால் ஒற்றி எடுத்து, தோல் முழுக்கக் காயுமுன், மூன்று நிமிடத்துக்குள் என்று சொல்வார்கள், மாய்ஸ்சரைசரைப் பூச வேண்டும். குளியலுக்கு முன்னால் தடவிய எண்ணெயை மாவு போட்டு வழித்துவிட்டால் தோலில் என்ன மிஞ்சும்?

எந்த எண்ணெய் என்று கேட்பீர்கள். தேங்காய் எண்ணெய் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். பிலிப்பைன்ஸில் எக்ஸிமா உள்ள குழந்தைகளிடம் செய்து 2014-ல் வெளியான ஓர் ஆய்வில், கனிம எண்ணெயைவிட சுத்தமான தேங்காய் எண்ணெய் நன்றாகவே வேலை செய்தது. ஆலிவ் எண்ணெய் விலை அதிகம் என்பதால் உசத்தி என்று நினைக்கிறோம். அது தோல் தடுப்பைப் பலவீனப்படுத்துகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. கடுகு எண்ணெய் வேண்டவே வேண்டாம். தோல் வெடித்து நீர் கசியும் இடத்தில் எந்த எண்ணெயும் வேண்டாம், தைலமும் வேண்டாம்.

சாதாரண எக்ஸிமாவுக்கு எண்ணெய் மட்டும் போதாது. கெட்டியான, வாசனை சேர்க்காத கிரீம் வேண்டும். டப்பாவில் "பேபி" என்றோ "இயற்கை" என்றோ போட்டிருப்பதற்குத் தோலைப் பொறுத்தவரை ஒரு அர்த்தமும் இல்லை, பின்பக்கத்தைத் திருப்பி வாசனைப்பொருள் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கையில் காசு இல்லையென்றால் வாசனையில்லாத வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லி அருமையான மருந்து. சித்திரை, வைகாசி வெயிலில் அதைப் பகலில் அப்பினால் வேர்க்குரு கிளம்பும். அப்போது பகலில் கிரீம், ராத்திரி ஜெல்லி.

அளவு விஷயத்தில் நான் கஞ்சத்தனம் செய்தேன். 50 கிராம் டியூப் ஒன்று எனக்கு இரண்டு மாதம் வந்தது. பெருமையாக அதை டாக்டரிடம் சொன்னபோது அவர் சிரித்தார். உடம்பு முழுக்க வறட்சி உள்ள கைக்குழந்தைக்கு வாரத்துக்கே 100 கிராம் ஆகும். தினம் இரண்டு வேளையாவது, கன்னத்துக்கு இன்னும் அடிக்கடி. எச்சில் வழியும் பருவத்தில் பால் கொடுக்குமுன் கன்னத்திலும் தாடையிலும் ஒரு பூச்சு பூசிவிட்டால் அது மழைக்கோட்டு மாதிரி நிற்கும். இன்னொன்று, இந்தக் கிரீமும் ஜெல்லியும் ஊறிய துணி சட்டென்று தீப்பிடிக்கும். விளக்கு, சாம்பிராணித் தட்டு, அடுப்புப் பக்கம் அந்தத் துணியோடு குழந்தையைக் கொண்டுபோகாதீர்கள்.

ஸ்டீராய்டு: பயமும் தப்பு, துணிச்சலும் தப்பு

கூரை ஒழுகுவது வேறு, வீட்டுக்குள் தீப்பிடிப்பது வேறு. தோல் சிவந்து, தடித்து, குழந்தை தூக்கமில்லாமல் சொறியும்போது மாய்ஸ்சரைசர் மட்டும் அணைக்காது. அப்போது டாக்டர் எழுதுவது பெரும்பாலும் மென்மையான ஸ்டீராய்டு களிம்பு, ஹைட்ரோகார்டிசோன் 1 சதவீதம் போல. அந்தச் சொல்லைக் கேட்டதும் பாதி வீடுகளில் டியூப் அலமாரிக்குப் போய்விடும். அல்லது கடுகளவு தொட்டு, ஐந்து நாளுக்குச் சொன்னதை ஒன்றரை நாளில் நிறுத்திவிடுவார்கள். திரும்பக் கிளம்பும். "பார்த்தியா, மருந்து வேலை செய்யல."

அளவுக்கு ஒரு எளிய கணக்கு உண்டு. பெரியவர்களின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை டியூபைப் பிதுக்கினால் சுமார் அரை கிராம். பெரியவரின் இரண்டு உள்ளங்கை, விரல்கள் சேர்த்து, எவ்வளவு இடத்தை மறைக்குமோ அவ்வளவு இடத்துக்கு அது போதும். கைக்குழந்தையின் முகம், கழுத்து முழுக்கப் பூசவே ஒரு விரல்நுனி அளவு ஆகும். மருந்தையும் மாய்ஸ்சரைசரையும் குழைத்துப் பூசாமல், நடுவே கொஞ்ச நேரம் விடுங்கள்.

"கிரீம் போட்டு அமுக்கினால் உள்ளே போய் வீசிங்காக வரும்" என்பது நான் அதிகம் கேட்ட எச்சரிக்கை. அதில் ஒரு பாதி கண்ணால் பார்த்ததுதான். எக்ஸிமா வந்த குழந்தைகளில் சிலருக்குப் பிறகு ஆஸ்துமா வருகிறது. ஆனால் களிம்பு அதை உள்ளே தள்ளவில்லை. ஒரே சுபாவம் உள்ள உடம்பு முதலில் தோலில் காட்டுகிறது, பிறகு மூச்சில் காட்டுகிறது. கிரீமே போடாத குழந்தைக்கும் அது வரும்.

எதிர்ப்பக்கத் தவறு இதைவிட மோசம். மெடிக்கல் ஷாப்பில் போய் "குழந்தைக்கு அரிப்பு" என்று கேட்டால், பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாடிக்கும் வீரியமான ஸ்டீராய்டும் கலந்த டியூப் ஒன்றை எடுத்துத் தருவார்கள். அதில் க்ளோபெட்டசால் என்று இருந்தால் அது ஸ்டீராய்டுகளிலேயே மிகக் கடுமையானது. இரண்டு நாளில் கன்னம் பளபளக்கும், அதுதான் வம்பு. அதை வாரக்கணக்கில் தடவினால் தோல் மெலியும், ரத்தக்குழாய் தெரியும், நிறுத்தினால் முன்னைவிட மோசமாகக் கிளம்பும். டயப்பருக்கு அடியில் தடவினால் உடம்புக்குள்ளும் இறங்கும். 2018-ல் மத்திய அரசு இப்படிப்பட்ட ஸ்டீராய்டு களிம்புகளை ஷெட்யூல் எச் என்ற மருந்துப் பட்டியலுக்குள் கொண்டுவந்துவிட்டது, டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது. கடையில் நடப்பது உங்களுக்கே தெரியும். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு எழுதியதைக் கடன் வாங்குவதும், வாய் வழியாகத் தரும் ஸ்டீராய்டு சொட்டு மருந்தை வீட்டிலேயே ஆரம்பிப்பதும் இதே கணக்குதான்.

"மூலிகைதானே" என்று லேபிள் இல்லாத களிம்பை நம்புவதும் அப்படித்தான். இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் எக்ஸிமாக் குழந்தைகளுக்குப் பெற்றோர் பூசிய 24 மூலிகைக் களிம்புகளைப் பரிசோதித்து 2003-ல் வெளியிட்டார்கள். 20 களிம்புகளில் ஸ்டீராய்டு இருந்தது. சித்த மருந்துதான் வேண்டும் என்றால் தகுதியுள்ள சித்த மருத்துவரிடம் போங்கள். டப்பாவில் என்ன இருக்கிறது என்று எழுதாத எதையும் குழந்தை மேல் பூசாதீர்கள்.

சிவப்பைத் தேடாதீர்கள்

எக்ஸிமா என்று தேடினால் வரும் படங்கள் எல்லாம் வெள்ளைக்காரக் குழந்தையின் ரோஜாக் கன்னம். நம் குழந்தைகளின் மாநிறத்திலும் கறுப்பிலும் அந்தச் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது. கரும்பழுப்பாக, சாம்பல் பூத்த மாதிரி, அல்லது கோழித்தோல் போலச் சின்னச் சின்ன மேடாக இருக்கும். "சிவக்கவே இல்லையே, லேசானதுதான்" என்று விட்டுவிடுவோம். கண்ணைவிட விரலை நம்புங்கள். தடவினால் சொரசொரப்பும் தடிப்பும் தெரியும். குழந்தை தலையணையில் கன்னத்தைத் தேய்க்கிறதா, ராத்திரி எத்தனை முறை எழுகிறது என்று கவனியுங்கள்.

ஆறியபின் வெளுத்த திட்டு விழும். அதைத் தேமல் என்று பூஞ்சை மருந்து போடுவார்கள், வெண்புள்ளியோ என்று அழுவார்கள், "அந்த கிரீம்தான் வெளுக்க வைத்தது" என்று நிறுத்திவிடுவார்கள். பெரும்பாலும் அது அழற்சி அடங்கிப் போன தடம். நிறம் திரும்ப மாதக்கணக்கில் ஆகும், திரும்பிவிடும்.

எல்லாத் தடிப்பும் எக்ஸிமா இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தலையில் மஞ்சளாக, பிசுபிசுப்பான செதில், அரிப்பும் இல்லையென்றால் அது வேறு, தானாகவே போகும். கைக்குழந்தை எக்ஸிமா பொதுவாக டயப்பர் போடும் இடத்தைத் தொடாது. உள்ளங்கை, உள்ளங்கால், விரலிடுக்கில் பொரிப்பொரியாக இருந்து, வீட்டில் மற்றவர்களுக்கும் ராத்திரியில் அரிக்கிறது என்றால் அது சொறி சிரங்கு. ஸ்டீராய்டு போட்டால் மறைந்து பெருகும். வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் மருந்து பூச வேண்டிய விஷயம் அது.

சின்னச் சின்னவை

போர்வெல் உப்புத் தண்ணீர்தான் காரணம் என்று ஆயிரக்கணக்கில் செலவழித்து வாட்டர் சாஃப்ட்னர் வைக்குமுன் ஒன்று. இங்கிலாந்தில் எக்ஸிமாக் குழந்தைகளின் வீடுகளில் அதையே பொருத்திப் பார்த்தார்கள். 2011-ல் வந்த முடிவில் பெரிய பலன் இல்லை. அந்தக் காசுக்கு இரண்டு வருஷ மாய்ஸ்சரைசர் வாங்கலாம்.

மொட்டை அடித்ததும் சந்தனம் பூசுவது சடங்கு. ஒரு பொட்டு வைத்துவிட்டு மீதியை விட்டுவிடுங்கள், காயும்போது அது தோலின் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். ஈரம் காயாத அரைஞாண் கயிறு, ஜரிகை குத்தும் பட்டுப்பாவாடை, துவைக்காமல் போடும் புதுத்துணி, இவை எல்லாம் உரசும். நகத்தை வாரம் இருமுறை வெட்டுங்கள்.

அரிப்புக்கென்று தூக்கம் வரவைக்கும் சிரப்பை நீங்களாகக் கொடுக்காதீர்கள், எக்ஸிமா அரிப்பை அது பெரிதாகக் குறைப்பதும் இல்லை. எக்ஸிமாவைக் காட்டித் தடுப்பூசியைத் தள்ளிப்போடாதீர்கள். இரண்டாவது குழந்தைக்கு வராமல் தடுக்கலாம் என்று பிறந்த நாளிலிருந்தே கிரீம் பூசுகிறவர்கள் இருக்கிறார்கள். 2020-ல் இங்கிலாந்தில் வெளியான பெரிய ஆய்வில் அப்படிப் பூசியும் தடுக்க முடியவில்லை. வந்தபின் கட்டுப்படுத்துவதில்தான் கிரீமின் வேலை.

காத்திருக்கக் கூடாத நேரம்

தேன் நிறத்தில் பொருக்குத் தட்டுவது, நீர் வடிவது, சீழ் வைப்பது, இதெல்லாம் கிருமித்தொற்று. அன்றே டாக்டரைப் பாருங்கள். இதைவிட அவசரம் ஒன்று உண்டு. ஒரே அளவில் சின்னச் சின்னக் கொப்புளங்கள் கூட்டமாகக் கிளம்பி, குழிக்குழியான புண்ணாகி, காய்ச்சலும் வந்தால் அது ஹெர்பிஸ் வைரஸாக இருக்கலாம். கண்ணைச் சுற்றி வந்தால் பார்வைக்கே ஆபத்து. அம்மை போட்டிருக்கிறது என்று வேப்பிலை கட்டி உட்கார்ந்துவிடாதீர்கள், நடுராத்திரி என்றாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். அதே வைரஸால் உதட்டோரம் கொப்புளம் போட்டிருக்கிற மாமாவோ அத்தையோ குழந்தையை முத்தமிட வந்தால், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, தடுத்துவிடுங்கள்.

எப்போது போகும் என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். பெரும்பாலான குழந்தைகளுக்குப் பள்ளி வயதுக்குள் நன்றாகவே குறைந்துவிடும், சிலருக்கு வறண்ட தோல் கூடவே இருக்கும். என் மகளுக்கு இப்போது நாலு வயது. கன்னம் சுத்தமாகிவிட்டது. மார்கழி வந்தால் முழங்கை மடிப்பில் மட்டும் எட்டிப் பார்க்கிறது. குளித்து முடித்ததும் என் மாமியார்தான் டப்பாவை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் ஓடுகிறார்.